மேல்வீட்டு இரவுச் சத்தம்: சட்டம் எதற்கு உதவும், எதற்கு உதவாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் சொந்த வீட்டில் வசிக்கிறீர்கள். மூன்றாம் மாடிக்கு வாடகைக்கு வந்த குடும்பத்தில் இரவு 11 மணிக்கு மேல் நாற்காலிகள் இழுபடுகின்றன, குழந்தைகள் ஓடுகிறார்கள், சனிக்கிழமைகளில் நண்பர்கள் கூடிப் பாட்டுப் போடுகிறார்கள். இருமுறை சொல்லிப் பார்த்தீர்கள். இரண்டாம் முறை, "எங்க வீட்டுக்குள்ள நாங்க நடக்கக்கூடக் கூடாதா சார்?" என்று பதில் வந்திருக்கிறது. இதய சிகிச்சை முடிந்து வந்திருக்கும் அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. போலீஸுக்குப் போன் செய்தால் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வருவார்கள். ஆனால் தினமும் அதே படிக்கட்டில் எதிர்ப்பட வேண்டியவர்களோடு பகை முற்றாமல் இந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், உங்கள் புகாரில் ஒன்றாகக் கலந்து கிடக்கும் மூன்று சத்தங்களைத் தனித்தனியே பிரித்தாக வேண்டும். பாட்டுக்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. நாற்காலிக்குச் சில நூறு ரூபாயில் முடியும் வைத்தியம் உண்டு. குழந்தைகளின் காலடிக்கு இரண்டும் முழுமையாக இல்லை.

நான் கட்டடங்களில் ஒலித்தடுப்பு வேலை செய்யும் பொறியாளர். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலை செய்வதோடு, உங்களைப் போன்றவர்கள் அழைக்கும்போது வீடுகளுக்குச் சென்று அளந்து அறிக்கை தருவதும் என் தொழிலின் ஒரு பகுதியாகப் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அந்த அறிக்கைகள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போவதால் விதிகளைப் படித்தே ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் நான் வழக்கறிஞர் அல்ல. விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் வழக்கில் அது எப்படித் தீரும் என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

மேல்தளத்திலிருந்து இறங்கும் சத்தம் இரு வகைப்படும். பேச்சு, தொலைக்காட்சி, பாட்டு போன்றவை முதலில் காற்றில் பரவி, பிறகு தளத்தில் மோதி, அதை மெல்ல அதிரச் செய்து நம் அறைக்குள் வருகின்றன. நம் ஊர்க் கட்டடங்களில் வழக்கமாக இருக்கும் 5 அங்குலக் கான்கிரீட் தளம் இவற்றுள் பேச்சைப் பெருமளவு தடுத்துவிடும். பாட்டில் உள்ள மேல்ஸ்தாயி ஒலிகளையும் தடுத்துவிடும். தாளத்தின் 'தும் தும்' என்ற கீழ்ஸ்தாயி மட்டும் தளத்தைக் கடந்து வரும். சப்வூஃபர் (கீழ்ஸ்தாயி ஒலிக்கென்றே உள்ள பெட்டி) உள்ள ஸ்பீக்கரை மேல்வீட்டில் வைத்தால், பாட்டு எது என்று உங்களுக்குத் தெரியாது, தாளம் மட்டும் தலையணை வரை கேட்கும். இரண்டாவது வகை, தளத்தையே நேரடியாகத் தட்டும் சத்தம்: நாற்காலிக் கால், குதிகால், கீழே விழும் பாத்திரம், தரையில் வைத்து ஓடவிடும் கிரைண்டர். இங்கே காற்று என்ற இடையாள் கிடையாது. அடி நேராகக் கான்கிரீட்டில் விழுகிறது, கான்கிரீட் அதைச் சுவருக்கும் தூணுக்கும் கடத்துகிறது. டைல்ஸ் நேரடியாகத் தளத்தின்மேல் ஒட்டப்பட்டிருப்பதாலும், கம்பள விரிப்புப் பழக்கம் நம்மிடம் இல்லாததாலும், வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடு நடப்பதாலும் இந்த இரண்டாம் வகைச் சத்தம் நம் குடியிருப்புகளில் மிக அதிகம். இதைக் கட்டும்போதே, தளத்துக்கும் டைல்ஸுக்கும் இடையில் மெத்தென்ற ஓர் அடுக்கு வைத்துத் தடுத்திருக்கலாம். பெரும்பாலான கட்டுநர்கள் அதைச் செய்வதில்லை. அந்த வகையில் உங்கள் மேல்வீட்டுக்காரர் சுமக்கும் பழியில் ஒரு பங்கு கட்டுநருக்கு உரியது.

இதில் ஒரு முக்கியமான உண்மை ஒளிந்திருக்கிறது. நாற்காலியை இழுப்பவருக்குத் தன் அறையில் கேட்பது ஒரு சின்னக் கீறல் சத்தம்தான். உங்கள் அறையிலோ மேற்கூரை முழுவதும் ஒரு பெரிய ஒலிபரப்பியாக மாறி அதிர்கிறது. நள்ளிரவில் தெருவும் அடங்கிவிடுவதால் அது இன்னும் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே "நடக்கக்கூடக் கூடாதா" என்று அவர் கேட்டதைத் திமிராக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. நான் பார்த்த சச்சரவுகளில் பலவற்றின் வேர் இதுதான். ஒருவர் கேட்பதை மற்றவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்து, சத்தம் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கான்கிரீட் சட்டகம் அதிர்வை எல்லாப் பக்கமும் கடத்தும். பக்கவாட்டு வீட்டில் சுவரோரம் வைத்த கட்டில், இரண்டு மாடி தள்ளி ஆடும் ஊஞ்சல், மொட்டைமாடியில் ரப்பர் புஷ் இல்லாமல் பொருத்திய ஏ.சி. வெளிப்பெட்டி, தரைமட்டத் தொட்டியின் மோட்டார் ஆகியவை எல்லாம் "மேல்வீட்டுச் சத்தம்" என்ற பெயரில் என்னிடம் வந்திருக்கின்றன. தூங்கும் நேரத்தில் மேலே கோலி உருள்வதுபோல் கேட்கிறது என்று பலர் சொல்வார்கள். குழாயில் ஓடும் தண்ணீர் திடீரென நிற்கும்போது உண்டாகும் அதிர்வு அதற்கு ஒரு விளக்கம். எல்லாக் கட்டடத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் இல்லாத வீட்டின் கீழும் அந்தச் சத்தம் கேட்பதுண்டு. எனவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, மணி, என்ன சத்தம், எந்த அறையில், எவ்வளவு நேரம் என்று எழுதி வையுங்கள். ஒருமுறையாவது அந்த நேரத்தில் படிக்கட்டுக்குப் போய் நின்று கேளுங்கள். அசோசியேஷனோ காவல் நிலையமோ வழக்கறிஞரோ உங்களிடம் முதலில் கேட்பது இந்த விவரத்தைத்தான்.

பேசுவதற்கு நள்ளிரவு உகந்த நேரம் அல்ல. தூக்கம் கெட்ட கோபத்தோடு நீங்களும், நண்பர்கள் முன் கதவைத் திறந்த கூச்சத்தோடு அவரும் நின்றால் நல்லது எதுவும் நடக்காது. ஞாயிறு காலையில் போய், "ரொம்பச் சத்தம் வருது" என்று பொதுவாகச் சொல்லாமல், "சார், பதினொரு மணிக்கு மேல சாப்பாட்டு மேஜை நாற்காலி நகர்றது எங்க அப்பா ரூமுக்கு அப்படியே கேக்குது, ஒரு நிமிஷம் கீழ வந்து கேட்டுப் பாக்கறீங்களா" என்று கேளுங்கள். அவர் உங்கள் அறையில் நின்றிருக்கும்போது அவர் வீட்டிலிருந்து ஒருவர் நாற்காலியை இழுக்கட்டும். அந்த ஒரு நிமிடம் செய்யும் வேலையைப் பத்துக் கடிதங்கள் செய்யாது. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் தடித்த ஃபெல்ட் துண்டுகளை நீங்களே வாங்கிக்கொண்டு போவதில் குறைவொன்றும் இல்லை. "நான் ஏன் வாங்க வேண்டும்" என்று தோன்றுவது நியாயமே. என்றாலும் உங்கள் வீட்டில் செய்யக்கூடிய எந்த வேலையைவிடவும் அந்தச் சில நூறு ரூபாய் அதிகப் பலன் தரும். கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் கீழே தடித்த ரப்பர் பாய், பிள்ளைகள் விளையாடும் அறையில் ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஃபோம் பாய் ஆகியவையும் உதவும். மெல்லிய ஜமுக்காளம் உதவாது. ஃபெல்ட் ஒட்டினால் நாற்காலிக் கீறல் ஏறக்குறைய முழுதும் நின்றுவிடும் என்று உறுதியாகச் சொல்கிறேன். குதிகாலின் 'தொம்' சத்தம் அப்படியல்ல. ஃபோம் பாய் போட்டால் கூர்மை குறையும், அடியோசையில் ஒரு பங்கு மிஞ்சும்.

உங்கள் வீட்டுக் கூரையில் செய்யும் வேலைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெர்மாகோல், முட்டை அட்டை, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டும் ஃபோம் ஆகியவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், மேலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கா. சாதாரண ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் பெரும்பாலும் ஏமாற்றமே தரும். அதன் இரும்புச் சட்டம் கான்கிரீட்டில் இறுக்கமாகத் திருகப்படுவதால் அதிர்வு அந்தச் சட்டத்தின் வழியே இறங்கிவிடுகிறது. அதிர்வு தாங்கும் ரப்பர் தொங்கிகள், இடைவெளியில் ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சு, இரண்டு அடுக்குப் பலகை என்று முறையாகச் செய்தால் பயன் உண்டு. ஆனால் செலவு அதிகம், அறையின் உயரமும் குறையும், அதற்குப் பிறகும் சுவர் வழியாக வரும் பங்கு மிஞ்சும். ஆகவே அதைக் கடைசி வழியாகவே சொல்வேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் இயற்றப்பட்ட ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 நாடு முழுவதும் பொருந்தும். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கான அளவு, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில், பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்பட்ட அமைதி மண்டலத்தில் 50, 40. ஒலிபெருக்கி, ஒலி உண்டாக்கும் கருவி, இசைக்கருவி எதையும் இரவில் பயன்படுத்தக் கூடாது. அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் பயன்படுத்துவதும், பொது அவசரநிலையும் விலக்கு. கலாசார, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் வெடியும், கட்டுமான இயந்திரமும், ஹாரனும்கூட இரவில் தடைசெய்யப்பட்டவை.

உச்ச நீதிமன்றம் இதை இரு தீர்ப்புகளில் வலுப்படுத்தியிருக்கிறது. அவற்றில் ஒன்று சென்னையிலேயே பிறந்த வழக்கு. மாதவரம் நெடுஞ்சாலை அருகே ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் பக்கத்து ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000 ஆகஸ்டில் தீர்ப்பானது. 2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி அமர்வு அளித்த விரிவான தீர்ப்பு, ஒலிபெருக்கியால் சத்தத்தைப் பெருக்குவதை யாரும் அடிப்படை உரிமையாகக் கோர முடியாது என்றும், கேட்க விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைப்பது அவர்களின் வாழ்வுரிமையை மீறுவது என்றும் சொன்னது.

இவற்றைப் படித்துவிட்டுச் சட்டம் முழுவதும் உங்கள் பக்கம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தெளிவாக இருப்பது ஒரு பகுதிதான். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ ஸ்பீக்கர் வைத்து 10 மணிக்கு மேல் பாட்டுப் போட்டால் அது விதிமீறல், அதில் ஐயம் இல்லை. புகார் செய்ய நீங்கள் டெசிபல் அளந்து காட்ட வேண்டியதும் இல்லை. இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் செய்யலாம் என்று 7-ஆம் விதி சொல்கிறது. கதவை மூடிக்கொண்டு தன் வீட்டுக்குள் ஹோம் தியேட்டர் வைப்பவர் நிலைமை அவ்வளவு தெளிவானதல்ல. அது 'மூடிய இடம்' என்று அவர் வாதிடலாம். தனியார் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது அவரைக் கட்டுப்படுத்தும். அதாவது இரவில் 50 டெசிபல். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் இருக்கும்போது எல்லை என்பது வெளிச்சுவரா, உங்கள் கூரையா என்பதை அந்த விதி விளக்கவில்லை. இது வாதத்துக்கு இடமுள்ள பகுதி. நாற்காலியும் காலடியும் இந்த விதிகளுக்குள் ஏறக்குறைய வரவே வரா. விதியில் சொன்ன அளவுகள் ஒரு நேரப் பரப்பின் சராசரி. அரை நொடி விழும் 'தொம்' சத்தம் உங்கள் அப்பாவை எழுப்பிவிடும், சராசரியில் தடம் தெரியாமல் கரைந்துவிடும். அளவிடும் முறையும் மனிதக் காதுக்கேற்பக் கீழ்ஸ்தாயி ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. மூன்றாம் மாடிப் பிள்ளை ஓடுவதற்கு எதிராக மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்று வென்றவரை நான் பார்த்ததில்லை. கைபேசிச் செயலி காட்டும் எண்ணைச் சாட்சியாக நம்ப வேண்டாம், பல டெசிபல் பிசகும். நேற்றைவிட இன்று கூடுதலா என்று நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளப் பயன்படும், அவ்வளவுதான்.

ஆகவே காவல்துறையை ஸ்பீக்கருக்காக மட்டும் அழையுங்கள். சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே 100 அல்லது 112-ஐ அழைத்து, முகவரி, மாடி எண், "இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் ஓடுகிறது, வீட்டில் நோயாளி இருக்கிறார்" என்ற மூன்றையும் சொன்னால் போதும். பெரும்பாலும் ரோந்து வாகனம் வந்து எச்சரித்துவிட்டுப் போகும். அது மறுபடி மறுபடி நடந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத் தொல்லைக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒலி விதிகளை மீறினால் ஐந்தாண்டு சிறை என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். அது பழைய நிலை. 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சிறைத்தண்டனை போய், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பணத்தண்டம் என்று மாறியிருக்கிறது. பொதுத் தொல்லை என்பதற்கு அக்கம்பக்கத்தார் பலர் பாதிக்கப்பட வேண்டும். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்கும் சத்தம் அதில் அடங்காது. நான்காம் மாடிக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டால் புகாரின் எடையே வேறு.

அசோசியேஷனை இதற்கு முன்பே நாட வேண்டும். துணைவிதிகளில் இரவு அமைதி நேரம் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டி எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் சேர்க்கக் கேளுங்கள். மேலே இருப்பவர்கள் வாடகைதாரர்கள் என்பதால் வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் போவது பலன் தரும். வாட்ஸ்அப் குழுவில் வீட்டு எண்ணைப் போட்டு எழுதாதீர்கள். நாற்பது பேர் முன் அவமானப்பட்டவர் அதன்பின் ஃபெல்ட் ஒட்ட மாட்டார். துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவதும், பதிலுக்கு விடியற்காலையில் பாட்டுப் போடுவதும் உங்களையே விதிமீறியவராக்கும். தண்ணீரை நிறுத்துவோம் என்று சங்க நிர்வாகி யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள், சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. எல்லாம் தோற்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். சராசரி மனிதருக்கு அது தாங்க முடியாத தொல்லையா என்ற அளவுகோலில்தான் நீதிமன்றம் பார்க்கும். வழக்கமான குடும்ப வாழ்க்கையின் சத்தத்துக்கு ஆணை கிடைப்பது கடினம். குழந்தை அழுவதும், நோயாளி இரவில் நடப்பதும் புகாருக்குரியவை அல்ல என்பது என் சொந்தக் கருத்தும்கூட.

அப்பாவின் தூக்கம் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலுக்குள்ளும், இடையிடையே எழும் ஒற்றைச் சத்தம் 45-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. உங்கள் நகரத்து வீட்டில் முதல் அளவை எட்டுவது அரிது, இரண்டாவதைக் கட்டுக்குள் கொண்டுவர முயலலாம். மேல்வீட்டுச் சாப்பாட்டு அறைக்கும் கூடத்துக்கும் நேர்கீழே இல்லாத அறைக்கு அவர் கட்டிலை மாற்றுங்கள். பெரும்பாலும் எல்லா மாடியிலும் வரைபடம் ஒன்றே என்பதால் எந்த அறை எதற்குக் கீழே என்பது எளிதில் தெரியும். கட்டிலின் தலைமாட்டைத் தூண் உள்ள சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மின்விசிறியின் சீரான ஓசை திடீர்ச் சத்தங்களை ஓரளவு மறைக்கும். ஃபோம் காதடைப்பான் பேச்சையும் நாற்காலிக் கீறலையும் குறைக்கும், தாளத்தின் அதிர்வை அவ்வளவாகக் குறைக்காது. அவர் இரவில் உதவிக்கு அழைக்கவோ அழைப்பைக் கேட்கவோ வேண்டிய நிலையில் இருந்தால், காதடைப்பானை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அறையை மாற்றிய பிறகும் இரண்டு வாரக் குறிப்பைத் தொடர்ந்து எழுதுங்கள். எந்தச் சத்தம் நின்றது, எது மிஞ்சியது என்பதைப் பொறுத்தே அடுத்ததாக மேல்வீட்டுக்கு ஃபெல்ட் துண்டோடு போவதா, உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்.